கண் விழித்த ஊரின் குற்றம்

சங்கிலிபாளையத்தில் குற்றம் பெருகிவிட்டது என்ற செய்தியைக் கடைசியாகக் கேள்விப்பட்டவர்கள் சங்கிலிபாளையத்துக்காரர்கள்தான். கோவையின் பாதுகாப்பு வரைபடத்தில் அந்த வட்டாரம் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. வீட்டுக் காப்பீட்டுக் கட்டணம் கூடியது. சாப்பாடு கொண்டுவரும் ட்ரோன்கள் இருட்டியபின் வர மறுத்தன. ஏதோ கம்பெனிக்காரன் தகராறு என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

2058 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் குழந்தை நல வாரியத்திலிருந்து சம்யுக்தாவுக்கு அறிவிப்பு வந்த பிறகுதான் ஊர் வரைபடத்தைத் திறந்து பார்த்தது. தொடர்ந்து மூன்று காலாண்டுகள் சிவப்பில் இருக்கும் வட்டாரத்தில் வளர்ப்புக் குழந்தைகளை வைத்திருக்கக் கூடாது என்பது விதி. எனவே சம்யுக்தாவிடம் வளரும் ஏழு வயது வேலாத்தாள், வரும் சனிக்கிழமை பொள்ளாச்சியில் வேறொரு குடும்பத்திடம் ஒப்படைக்கப்படுவாள். அந்த வீட்டில் தோட்டமும் நாயும் இருப்பதாகக் குழந்தைக்கென்று தனியாக ஒரு பத்தி எழுதியிருந்தார்கள்.

(வேலாத்தாள் என்ற பெயரைப் பார்த்து யாரும் வியக்க வேண்டாம். ரித்தீஷ், சம்யுக்தா, மதுமிதா எல்லாம் அப்போது நடுவயதுக்காரர்களின் பெயர்கள். பிள்ளைகளுக்குப் பாவாத்தாள், ராமாத்தாள், வேலாத்தாள் என்று வைப்பதுதான் அந்தக் காலத்து நாகரிகம்.)

குற்ற அளவீட்டு மையத்தில் புதன்கிழமைதோறும் கேள்வி நேரம் உண்டு. எந்த எண்ணைப் பற்றியும் யாரும் வந்து கேட்கலாம். ஓர் அதிகாரி நேரில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் யாரும் வருவதில்லை. அந்தப் புதன்கிழமை அங்கே இருந்தவர் ரித்தீஷ். பெருந்துறையில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்ப்பவர். கேள்வி நேரத்துக்காக மட்டும் தன் காரில் வந்துபோவார்.

"ஏனுங் சார், இந்தச் செவப்படிக்கறது நீங்கதானுங்களா?" என்றாள் சம்யுக்தா, உட்காராமலே.

"நானா அடிக்கறதில்லீங்க. புகாரெல்லாம் தானா வருது. நாங்க கணக்குப் பாக்கறதுதான். உக்காருங்க."

"பாத்து என்னங்க தெரிஞ்சுது?"

ரித்தீஷ் பொறுமையாகச் சொன்னார். "அந்தக் காலத்துல ஒரு ஏரியாவுல எத்தனை குத்தம்னு எண்ணி, அங்க குடியிருக்கறவங்க எண்ணிக்கையால வகுப்பாங்க. பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட்டு இருக்கற எடமெல்லாம் அதுல தப்பாத் தெரியும். குடியிருக்கறது நூறு பேரு, வந்து போறது லட்சம் பேருன்னா, அந்த நூறு பேருதான் திருடங்கற மாதிரி ஆயிரும். அதையெல்லாம் நாங்க மாத்திட்டோம். இப்ப அந்தந்த நேரத்துல அங்க நிக்கறவங்க எண்ணிக்கையாலதான் வகுக்கறோம்."

"வகுத்தும்?"

"வகுத்தும் செவப்புதானுங்க. போன வருசத்தைவிட மூணு மடங்கு."

"மூணு மடங்கு!" அவள் சிரித்தேவிட்டாள். "சார், ஸ்லீப்பர் பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல குளியல் ரூம் நடத்தறது நான்தான். காலைல எறங்கறவங்க எல்லாம் எங்கிட்டதான் குளிச்சு, பல்லு வெளக்கி, ஆபீஸ் போறது. சோப்பு, டவலு, செருப்பு, எல்லாம் வெளியதான் அடுக்கி வெச்சிருக்கறேன். கல்லாப்பெட்டிக்குப் பூட்டுகூடக் கெடையாது. ஒரு சண்டை கெடையாது, ஒரு சத்தம் கெடையாது. நீங்க மூணு மடங்குங்கறீங்க."

"எதுலீங்க கூடியிருக்குன்னா, சில்லறைத் திருட்டுல. முன்ன சின்னப் பொருள் போனா யாரும் ஸ்டேசனுக்குப் போக மாட்டாங்க. இப்பக் கையில காப்பு இருக்குது, பொருள்ல பொட்டு இருக்குது. பொருள் பக்கத்துல இல்லைன்னா காப்பே கேட்டுப் புகார் குடுத்துருது. அதனால மறைக்க முடியாதுங்க. இருக்கற குத்தம் இருக்கற மாதிரியே தெரியுது."

காப்பு என்று அவர் சொன்னது எல்லோரும் மணிக்கட்டில் அணியும் கருவியை. பொட்டு என்பது செருப்பு முதல் குடை வரை எல்லாவற்றிலும் ஒட்டி விற்கப்படும் மிளகளவு சில்லு. இரண்டும் ஒன்றையொன்று எந்நேரமும் தேடிக்கொண்டிருக்கும்.

"அப்ப எல்லா ஏரியாவுலயும்தானே கூடியிருக்கோணும்? எங்களுக்கு மட்டும் ஏன்?"

அந்தக் கேள்வி சரியான கேள்வி. ரித்தீஷ் அதைக் குறித்துக்கொண்டார்.

"எங்க ஊரைப் பாத்திருக்கறீங்களா சார்?"

"வரைபடத்துல..."

"வரைபடத்துல பாத்துத்தான் எங்கூட்டுப் புள்ளையத் தூக்கீட்டுப் போறாங்க. ஒருக்கா நேர்ல வந்து பாத்துட்டுச் செவப்படிங்க. அப்ப நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

மறுநாள் அவர் போனார். ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் ஊருக்கு வருகிறவர்கள் எப்படி வருகிறார்களோ அப்படியே போவதுதான் முறை என்று நினைத்து, விடியுமுன் பெருந்துறையில் ஸ்லீப்பர் ஏறினார். கோவையில் வாடகை எட்டாத உயரத்துக்குப் போனபின் சேலத்திலும் சங்ககிரியிலும் பவானியிலும் குடியிருப்பவர்கள் பாதித் தூக்கத்தை வீட்டிலும் மீதியை ஓட்டுநரில்லாத இந்த வண்டியிலும் தூங்கிப் பழகியிருந்தார்கள். புது வழித்தடம் வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. வண்டியில் விளக்கில்லை, குறட்டைச் சத்தம் மட்டும் இருந்தது. படுக்கைக்குப் போகுமுன் எல்லோரும் செருப்பைக் கழற்றி வாசலோரத் தட்டில் விட்டிருந்தார்கள். விடச் சொல்லி எங்கும் எழுதவில்லை. படுக்கிற இடத்துக்குச் செருப்போடு போகிற பழக்கம் நம்மவர்களுக்கு எந்த நூற்றாண்டிலும் வராது போலிருக்கிறது. ரித்தீஷும் தன் பழுப்பு நிற ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். அவிநாசியில் வண்டி நின்றது அவருக்குத் தெரியாது.

சங்கிலிபாளையம் வந்ததும் வண்டிக்குள் விளக்கெரிந்தது. காப்பு மெல்ல அதிர்ந்து, காதருகே சொன்னது: "உங்கள் காலணி அருகில் இல்லை. திருட்டு என்று பதிவு செய்யட்டுமா?"

"ம்," என்றார் ரித்தீஷ், கண்ணைக்கூடத் திறக்காமல்.

சுற்றிலும் ஏழெட்டுப் படுக்கைகளிலிருந்து அதே "ம்" கேட்டது.

வாசலுக்கு வந்தார். தட்டில் மிச்சமிருந்தது வார் அறுந்த ஒரு ஜோடிச் செருப்பு மட்டும். அவருக்கு முன்னால் இறங்கிய ஓர் இளைஞன் சாக்ஸோடு தரையில் கால் வைத்து, "சனியன், இன்னிக்கும் போச்சா!" என்று சொல்லிவிட்டு, கோபப்படாமல் சாலையைக் கடந்தான். அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர் வெறுங்காலோடு போனார்கள். குளியலறை வாசலில் செருப்பு அடுக்கியிருந்த மேசையை நோக்கித்தான் மூவரும் போனார்கள்.

ரித்தீஷ் அங்கேயே நின்று தன் காப்பைத் திறந்து, சற்று முன் பதிவான புகாரைப் பார்த்தார். குற்றம்: திருட்டு. இடம்: சங்கிலிபாளையம்.

"வாங்க சார், வாங்க!" சம்யுக்தா வாசலுக்கே வந்துவிட்டாள். பிறகு அவர் காலைப் பார்த்தாள். "என்னங் சார், கோயிலுக்கு வர்ற மாதிரி வந்திருக்கறீங்க?"

"உங்க ஊர்ல என் ஷூவைத் திருடிட்டாங்க."

"எங்க ஊர்லயா? நீங்க இப்பத்தானே கண்ணு முழிச்சீங்க!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏனுங் அம்மிணி, தினமும் எத்தனை பேருங்க செருப்பு வாங்கறாங்க?"

"நல்லா ஓடுதுங்க. புது வண்டி வந்ததுலேர்ந்து சோப்பைவிடச் செருப்புதான் ஜாஸ்தி ஓடுது." அவள் குரல் தாழ்ந்தது. "ஆபீஸ்ல ஷூ வெச்சிருப்பாங்க, வழிக்குச் செருப்பு வாங்கறாங்கன்னு நெனைச்சுட்டேன். யாவாரம் நடந்தாப் போதும்னு நான் கேக்கலீங்."

"நானும்தானுங்க கேக்கலை," என்றார் ரித்தீஷ். "திருட்டுன்னு எண்ணினோம். என்ன திருட்டுன்னு பாக்கலை."

அப்போது உள்ளேயிருந்து ஒரு குழந்தை, நீல நிறக் குளியலறைச் செருப்பு ஒரு ஜோடியைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டது. "இதக் கால்ல மாட்டிக்கிட்டு உள்ள வாங்க. தரையெல்லாம் ஈரம். வெளிய போறப்ப இங்கயே உட்டுரோணும்."

"இவதானுங்க வேலாத்தா," என்றாள் சம்யுக்தா. "செருப்பு டிப்பார்ட்மெண்டு இவளுது. சாமி, இவருதான் கணக்கு மாமா."

காபி வந்தது. ரித்தீஷ் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, தனக்குள் பேசுவதுபோல விளக்கத் தொடங்கினார். "இந்தக் காப்பு வந்த புதுசுல மனுசன் தூங்கறப்பவும் அவன் எங்க இருக்கறான்னு அனுப்பிட்டே இருந்துச்சு. கம்பெனிக்காரனெல்லாம் அதை வாங்கி, யாரு எங்க தூங்கறான், எத்தனை நேரம் தூங்கறான்னு பாத்தான். பெரிய போராட்டம் நடந்து, தூக்கச் சட்டம் வந்துச்சு. தூங்கறவங்க எடத்தைக் காப்பு யாருக்கும் சொல்லக்கூடாது. தூங்கறவங்களை எழுப்பவும் கூடாது."

"நல்ல சட்டந்தானுங்க."

"நல்ல சட்டம்தான். ஆனா அவிநாசியில எறங்கறவன் இருட்டுல காலை வுட்டு, கெடைச்ச ஷூவைப் போட்டுட்டுப் போறான். பாதிப் பேரு வேணும்னே போறாங்களோ என்னமோ, மீதிப் பேரு தூக்கக் கலக்கத்துல மாத்தித்தான் போட்டுட்டுப் போறாங்க. கருமத்தம்பட்டியில இன்னொருத்தன். காப்பு வாயை மூடிட்டு இருக்குது. கடைசி ஸ்டாப்புல நாம கண்ணு முழிக்கறோம். அது கேக்குது, நாம 'ம்'ங்கறோம். நூத்தம்பது கிலோமீட்டர் ரோட்டுல காணாமப் போனதெல்லாம், முழிச்ச எடத்துல திருட்டாப் பதிவாகுது."

சம்யுக்தா கையிலிருந்த டவலை மடித்து வைத்தாள். பிறகு, "செருப்பு மாறிப் போனதுக்காகவா சார் எங்கூட்டுப் புள்ளையக் கேக்கறாங்க?" என்றாள்.

அவர் எழுந்து அவசரமாகக் கிளம்பிவிட்டார்.

மையத்தின் இயக்குநர் மதுமிதா ஓய்வுக்கு இரண்டு வருடம் இருப்பவர். எண்களை மாற்றச் சொல்லி எத்தனையோ பேர் வந்து நின்றதைப் பார்த்தவர். ரித்தீஷ் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார்.

"சரி, தூங்கறவங்க எடம் நமக்குத் தெரியாது. கேக்கவும் கூடாது. அந்தச் சட்டத்துக்கு நானே கொடி புடிச்சவ. அப்புறம் எங்க போச்சுன்னு எப்படிச் சொல்வே?"

"சொல்ல வேண்டாங்க மேடம். எந்த ஊர்லன்னு தெரியாததை ஏதோ ஒரு ஊரு தலையில கட்டறதை நிறுத்துனாப் போதும். ஒவ்வொரு புகார்லயும் 'விழித்தவுடன்'னு ஒரு குறி இருக்குது. தூக்கக் கலக்கத்துல சொன்னதை அப்படியே சாட்சியா எடுக்கக்கூடாதுன்னு கோர்ட்டுக்காக வெச்சது. நாம அதைத் தொட்டதே இல்லை. அந்தக் குறியும் இருந்து, வண்டியை விட்டு எறங்குன ஆளாவும் இருந்தா, அந்தத் திருட்டு ஊரோடது இல்லை. வண்டியோடது."

"வண்டி ஒரு ஊரா?"

"ராத்திரி முழுக்க எல்லா வண்டியிலயும் சேத்து ரெண்டாயிரம் பேரு படுத்துத் தூங்கறாங்க. நம்ம பக்கத்துப் பல கிராமத்தைவிடப் பெருசுங்க. ஓடுதுங்கறதுதான் வித்தியாசம்."

மதுமிதா சிரிக்கவில்லை. "நாளைக்கு ஒவ்வொரு செவப்பு ஏரியாக்காரனும் வந்து, எங்களுக்கும் ஒரு குறி கண்டுபுடின்னு நிப்பான். அளவுகோலை மாத்துனாப் பத்து வருசக் கணக்கு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. குத்தம் கொறைஞ்சுதா, நாம எண்ணறது கொறைஞ்சுதான்னு எவனுக்கும் தெரியாமப் போயிரும். நான் பயப்படறது அதுக்குத்தான்."

"ஊருதான் மேடம் மொதல்ல மாறுச்சு. முன்ன ஜனங்க வீட்டுல தூங்குனாங்க. இப்ப ரோட்டுல தூங்கறாங்க. அளவுகோல் மட்டும் மாறாம நின்னாலும் கணக்கு ஒட்டாதுங்களே."

மதுமிதா வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"ஒரு சங்கிலிபாளையத்துக்காக மாத்தாதே," என்றார் கடைசியில். "எல்லா ஏரியாவுக்கும், எல்லா வழித்தடத்துக்கும், பழைய காலாண்டுகளுக்கும் சேத்துப் போடு. எவன் செவப்பாகறான், எவன் பச்சையாகறான்னு பாக்காமப் போடு. பழைய முறையில வந்த எண்ணையும் பக்கத்துலயே வெளியிடோணும். நாம மூணு காலாண்டு தப்பாச் சொன்னது எல்லாருக்கும் தெரியட்டும். பொறவு வாரியத்துக்கு நான் எழுதறேன்."

"மேடம், உங்க வீடு கருமத்தம்பட்டிலதானுங்களே? ஒருவேளை..."

"செவப்பாச்சுன்னா ஆகட்டும். எங்கிட்டயிருந்து எந்தப் புள்ளையத் தூக்கீட்டுப் போகப் போறாங்க? எம்புள்ளைக்கே முப்பது வயசு ஆகப் போகுது. போ, வேலையப் பாரு."

வெள்ளிக்கிழமை மதியம் கணக்கு முடிந்தது. மதுமிதாவின் கருமத்தம்பட்டி மஞ்சளிலேயே இருந்தது. எந்த ஊரும் புதிதாகச் சிவப்பாகவில்லை. வரைபடத்தில் சேலத்திலிருந்து கோவை வரை சாலைமேல் ஒரு மெல்லிய கோடு மட்டும் அடர் சிவப்பில் நெளிந்தது. அங்கே யாருக்கும் வீடில்லை. சங்கிலிபாளையம் பச்சையாகிவிடவில்லை, மஞ்சளுக்கு வந்தது. அந்த மாதம் அங்கே இரண்டு ஸ்கூட்டர்கள் உண்மையாகவே திருடு போயிருந்தன. ஒருவன் மனைவியை அடித்திருந்தான்; பக்கத்து வீட்டுக்காரி புகார் கொடுத்திருந்தாள். அவையெல்லாம் அந்த ஊரின் கணக்குத்தான். ரித்தீஷ் அவற்றில் எதையும் தொடவில்லை.

வாரியத்திலிருந்து சம்யுக்தாவுக்கு அழைப்பு வந்தபோது அவள் குழந்தையின் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் பேசிய பெண் அதிகாரி விதியைப் படித்து, திருத்திய அளவைச் சொல்லி, இடமாற்றம் ரத்து என்று முடித்தாள். பிறகு அதிகாரிக் குரல் போய், "நல்லதுங்க, சந்தோசமா இருங்க," என்றாள்.

சம்யுக்தா பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா?"

"நீ எங்கயும் போகலை சாமி. இங்கதான்."

வேலாத்தாள் யோசித்தாள். "அப்ப அந்த நாயி?"

சம்யுக்தாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "வாங்கிக்கலாம். செருப்பைக் கடிக்காத நாயாப் பாத்து வாங்கிக்கலாம்."

அதே நேரத்தில் ரித்தீஷ், வெளியிடுமுன் கடைசியாக ஒருமுறை, சங்கிலிபாளையத்தின் நாள்வாரி எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை, அவர் அங்கே போன நாள். பழைய முறைப்படி அன்று முப்பத்தெட்டுத் திருட்டுகள். புதிய முறைப்படி ஒன்றே ஒன்று. அந்த ஒன்று என்னவென்று பார்க்க ஆசை வந்தது. இனி எண்ணோடு நிற்காமல் பொருளையும் பார்ப்பது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

புகார் கொடுத்தவர்: வேலாத்தாள், வயது ஏழு. விழித்தவுடன் குறி இல்லை. நன்றாக விழித்திருக்கும்போது கொடுத்த புகார். பொருள்: குளியலறைச் செருப்பு, நீலம், ஒரு ஜோடி. சந்தேக நபர்: கணக்கு மாமா.

ரித்தீஷ் மெதுவாகக் குனிந்து மேசைக்கு அடியில் தன் காலைப் பார்த்தார். இரண்டு நாளாக அதையேதான் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் புகாரை நீக்க அவருக்கு அதிகாரம் இருந்தது. தவறுதலாக எடுத்தது என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும். ஸ்லீப்பரில் ஷூ மாறியவர்களும் அதைத்தான் சொல்வார்கள் என்று தோன்றியது. நீக்கவில்லை. அப்படியே வெளியிட்டார்.

சனிக்கிழமை காலை அவர் மறுபடி ஸ்லீப்பரில் வந்தார். இந்தமுறை நீலச் செருப்பைப் பையில் போட்டு மடிமேல் வைத்துக்கொண்டு, வழிநெடுகத் தூங்காமல் வந்தார். குளியலறை வாசலில் வேலாத்தாள் செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா சாமி, உன் செருப்பு. மாமா மறந்து போட்டுட்டுப் போயிட்டேன்."

அவள் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அடியில் பொட்டு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

"சொன்னனில்ல, இங்கயே உட்டுரோணும்னு?"

"சொன்னே. தப்புதான்."

உள்ளேயிருந்து சம்யுக்தா, "அட, அந்தப் புகாரை வாபஸ் வாங்குடி! சார் நமக்கு எவ்வளவு பண்ணியிருக்கறாரு!" என்று கத்தினாள்.

வேலாத்தாள் நீலச் செருப்பை அதன் இடத்தில் வைத்து, நுனி நேராக இருக்கும்படி சரிசெய்தாள்.

"குடுத்துட்டாங்க, சரி. ஆனா எடுத்தாங்கல்ல?"

"ஆமா," என்றார் ரித்தீஷ். "எடுத்தேன்."

அந்த மாத அறிக்கையில் சங்கிலிபாளையத்துத் திருட்டுகள் மூன்று. இரண்டு ஸ்கூட்டர், ஒரு ஜோடிச் செருப்பு.